ஆவியில் எளிமை: வெறுங்கைக்கும் இரக்கத்துக்கும் என்ன உறவு?

‘ஆன்மிக வறுமை’ என்ற சொல்லை ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லக் கேட்கலாம். ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை, உள்ளே வறண்டு கிடக்கிறது என்று ஒருவர் அதைச் சொல்வார். பணம் கொழிக்கும் நாடுகளில் மனிதர்கள் தனிமையில் வாடுகிறார்கள் என்று பேசுகிறவரும் அதையே சொல்வார். மூன்றாமவர், இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் முதல் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, அது எல்லாருக்கும் கிடைக்க வேண்டிய பேறு என்பார். முதல் இருவரும் அதிலிருந்து வெளியே வரப் பார்க்கிறார்கள். மூன்றாமவரோ அதற்குள் போகப் பார்க்கிறார்.

இந்தக் குழப்பம் அறியாமையால் வந்ததல்ல. போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த சில நாட்களில், 2013 மார்ச் 22 அன்று, வெளிநாட்டுத் தூதர்களிடம் பேசினார். பணக்கார நாடுகளை வாட்டும் ‘ஆன்மிக வறுமை’ என்று குறைப் பொருளில்தான் அன்று அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வறுமையை விரும்பி ஏற்ற அசிசியின் பிரான்சிஸிடமிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டவரும் அவர்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு எதிரெதிர்ப் பொருள் இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே நான் பேசப்போவது மூன்றாமவர் சொல்லும் பொருளை. அதை ‘ஆவியில் எளிமை’ என்றே அழைக்கிறேன். அதுவும் பிறர்மேல் இரக்கமும் இரண்டு தனித்தனி நற்குணங்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கட்டிலில் கற்றது

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலக்கை கட்டுப்போட்டுத் தொங்கியது, இடக்கையில் டிரிப்ஸ் ஊசி. விடியற்காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஒரு முழம் தள்ளி இருக்கிறது, எடுக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, “தண்ணி வேணுமா தம்பி?” என்றார். நான் சொன்ன பதில்: “பரவாயில்லைங்க, வேண்டாம்.”

உதடு வெடித்துக் கிடந்தவன் ஏன் வேண்டாம் என்றேன்? யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் என் வாயில் தண்ணீர் ஊற்றும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் ஒத்துக்கொண்டேன். அவர் உள்ளங்கையால் என் பிடரியைத் தாங்கித் தூக்கினார், ஸ்ட்ராவின் வளைவை என் பக்கம் திருப்பினார், ஒவ்வொரு மிடறுக்கும் பிறகு நிறுத்திக் காத்திருந்தார். வாயைத் திறந்து ஒன்றும் பேசவில்லை. அதே நாள் மாலை என்னைப் பார்க்க வந்த நண்பர், நல்ல மனிதர்தான், நின்றவாக்கில் டம்ளரைச் சாய்த்தார். மனத்திடம் இருந்தால் எதையும் வெல்லலாம் என்று சொல்லிக்கொண்டே ஊற்றியதில் பாதித் தண்ணீர் என் கழுத்துக்குள் போனது. பெரியவருக்கு மட்டும் இந்த நேக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு விசாரித்தேன். முந்தின வருடம் அவரே ஒரு மாதம் கட்டிலில் கிடந்தவராம்.

அந்த வார்டில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது கடினம். ஒருமுறை வாங்கிப் பழகியவருக்குத்தான் கொடுக்கும் பக்குவம் வருகிறது. கிறிஸ்தவ விசுவாசம் சொல்லும் எளிமையும் இரக்கமும் ஏறக்குறைய இந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன.

‘எளிமை’ என்ற சொல் படுத்தும் பாடு

மலைப்பிரசங்கத்தின் அந்த முதல் வாக்கியமான மத்தேயு 5:3-ஐப் பழைய தமிழ் வேதாகமம் இப்படிச் சொல்கிறது: ‘ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள், பரலோகராஜ்யம் அவர்களுடையது.’ இன்று எளிமை என்றால் ஆடம்பரம் இல்லாமை. பகட்டில்லாத உடுப்பு, பழைய செல்போன், கூட்டத்தில் பின்வரிசை. ஆகவே அடக்கமாக நடந்துகொள்கிறவரைத்தான் இயேசு வாழ்த்தினார் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ‘ஏழை எளியவர்’ என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்த எளியவர்தான் இங்கே இருப்பவர். எளிமை என்பது இல்லாமை. 1995-இல் வந்த திருவிவிலியம் இதே வாக்கியத்தை ‘ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்’ என்று பெயர்த்திருக்கிறது. ஏழையின் உள்ளம் யாருக்கு இருக்கிறதோ அவர் என்று பொருள். எனக்குப் பழைய மொழிபெயர்ப்பின் ஓசைதான் பிடிக்கும், ஆனால் பொருளுக்குப் புதியதே பக்கத்தில் நிற்கிறது.

மூல கிரேக்கம் இன்னும் கறாரானது. கிரேக்கத்தில் ஏழைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘பெனெஸ்’ என்பவன் அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் சாப்பிட முடியும் என்ற நிலையில் இருப்பவன். ‘ப்டோகோஸ்’ என்பவனுக்கு அந்த உழைப்புக்கும் வழியில்லை, அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவன். கூனிக் குறுகி ஒடுங்குவது அந்தச் சொல்லின் வேர். லூக்கா 16-இல் செல்வந்தன் வாசலில் புண்களோடு கிடந்த லாசரு ஒரு ப்டோகோஸ். மத்தேயு 5:3-இல் இருப்பதும் இந்த இரண்டாவது சொல்தான். ‘ஆவியில்’ என்பது இங்கே பரிசுத்த ஆவியைக் குறிக்கவில்லை. மனிதனின் உள்ளிடத்தைக் குறிக்கிறது.

இந்தச் சிந்தனை இயேசுவுக்கு முன்பே யூத மரபில் ஊறியிருந்தது. மனிதரிடம் நீதி கிடைக்காமல் கடவுளை மட்டுமே நம்பியிருந்த சிறுமைப்பட்டவர்களை எபிரேயத்தில் ‘அனாவிம்’ என்பார்கள். ‘இந்த ஏழை கூப்பிட்டான், கர்த்தர் கேட்டு’ என்று சங்கீதம் 34 பாடுவது அவர்களில் ஒருவரின் குரலில். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருளேடுகளில் ஒன்றான போர்ச் சுருளில், ‘ஆவியில் எளியோர்’ என்ற இதே தொடர் எபிரேயத்தில் வருகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆவியில் எளியவர் என்பவர், கடவுள் முன் நிற்கும்போது ‘இது என் சம்பாத்தியம்’ என்று காட்டத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று அறிந்தவர். அறிந்ததோடு நில்லாமல் கையையும் நீட்டுகிறவர்.

அப்படியானால் பையில் பணம் இல்லாதது?

லூக்கா இதே வாழ்த்தை ‘ஆவியில்’ என்ற சொல் இல்லாமலேயே எழுதுகிறார்: ‘தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்’ (6:20). நான்கு வசனம் தள்ளி, ‘ஐசுவரியவான்களாகிய உங்களுக்கு ஐயோ’ என்றும் வருகிறது. இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரியாமல் போனால் இரண்டு தவறு நடக்கும். வசதியுள்ளவர், உள்ளத்தில் ஏழையாக இருந்தால் போதும் என்று மத்தேயுவின் நிழலில் ஒதுங்கிக்கொள்வார். இன்னொரு பக்கம், பசியில் இருப்பவனிடம் ‘நீதான் பாக்கியவான், அப்படியே இரு’ என்று லூக்காவைக் காட்டுவார்கள். இரண்டாவது தவறு கொடூரமானது.

1968-இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் இந்தச் சிக்கலை மூன்றாகப் பிரித்தார்கள். உணவும் இடமும் இல்லாத வறுமை தீமை, கடவுள் விரும்பாதது. ஆன்மிக வறுமை என்பது எல்லாவற்றையும் கடவுளிடமிருந்து எதிர்பார்க்கும் திறந்த மனம். மூன்றாவது, அந்தத் தீமையைக் கண்டிக்கவும் அதில் சிக்கியவர்களோடு தோளோடு தோள் நிற்கவும் ஒருவர் தானாக ஏற்கும் எளிய வாழ்வு. பொருள் இல்லாதவனுக்கு வெறுங்கை ஏற்கெனவே பழக்கம் என்பதால் இரண்டாவதற்குள் நுழைவது சற்று எளிது. அதனால் பசி புனிதமாகிவிடாது.

தன்னையே மட்டம் தட்டிக்கொள்வதும் இதில் சேராது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நாள் முழுக்கச் சொல்கிறவரின் பேச்சிலும் ‘நான்’தானே நிரம்பியிருக்கிறது? மார்ட்டின் லூத்தர் வேதாகமத்தையே ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர், தன் திறமை தெரியாதவர் அல்ல. 1546 பிப்ரவரியில், சாவதற்கு முன் அவர் கடைசியாக எழுதிய குறிப்பு, ‘நாம் பிச்சைக்காரர்கள். இது மெய்’ என்று முடிகிறது. நான் என்று எழுதாமல் நாம் என்று எழுதியதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்முனை: ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’

கி.பி. 60-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. ரோமின் உதவி இல்லாமல், தன் செல்வத்தைக் கொண்டே அது எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிந்திருக்கிறார். சொல்லப்போனால் பாராட்ட வேண்டிய விஷயம். அதே ஊர்ச் சபைக்கு வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் எழுதும் கடிதத்தில், ‘நான் ஐசுவரியவானென்றும், திரவியசம்பன்னனென்றும், எனக்கு ஒரு குறைவுமில்லையென்றும் நீ சொல்லுகிறபடியால்’ என்று தொடங்கி, நீ தரித்திரனும் குருடனும் நிர்வாணியுமாய் இருப்பது உனக்கே தெரியவில்லை என்று போட்டு உடைக்கிறது. கட்டடத்துக்கு உதவி வேண்டாம் என்பது ஒன்று, உயிருக்கும் வேண்டாம் என்பது வேறு. முதலாவது பழகிவிட்டால் இரண்டாவது தானாக நாவில் வந்துவிடுகிறது.

இந்த நிறைவு பக்கத்தில் இருப்பவரை என்ன செய்கிறது என்பதற்கு லூக்கா 18-இன் பரிசேயன்தான் சாட்சி. பரிசேயன் என்றால் மதச்சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன். வாரத்துக்கு இரண்டு முறை உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. அவன் பொய் சொன்னதாகக் கதை சொல்லவில்லை. ஆனால் அவன் ஜெபம் பக்கவாட்டில் திரும்பி, ‘இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்று போகிறது. ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன், ஊரின் வெறுப்பைச் சம்பாதித்தவன். அவனோ தலை நிமிராமல், ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்று மார்பில் அடித்துக்கொள்கிறான்.

கதையைவிட, அது யாருக்குச் சொல்லப்பட்டது என்ற முன்குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது: ‘தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின சிலரைக்குறித்து’. தன்மேல் நம்பிக்கையும் பிறர்மேல் இளக்காரமும் ஒரே மூச்சில் வருகின்றன. தன்னைத்தானே நிறைத்துக்கொண்டவனுக்கு, தான் எவ்வளவு நிறைந்திருக்கிறான் என்று அளந்து காட்ட ஒரு காலிப் பாத்திரம் பக்கத்தில் தேவைப்படுகிறது. கையேந்தி நிற்பவனுக்கு அந்த அளவுகோல் வேண்டியதில்லை.

இரக்கம் எங்கே பிறக்கிறது: வயிற்றில்

இயேசு திரளான ஜனங்களைக் கண்டு ‘மனதுருகி’ என்று வாசிக்கிறோம். அங்கே இருக்கும் கிரேக்க வினைச்சொல் ‘ஸ்ப்ளாங்க்னா’ என்ற பெயரிலிருந்து வந்தது. ஸ்ப்ளாங்க்னா என்றால் குடல், உள்ளுறுப்பு. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது, ஈரக்குலை நடுங்கிவிட்டது என்று அன்றாடம் பேசுகிறோமே, அதுதான். எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் ‘ரஹமிம்’ கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லின் உறவு.

நான்கு நற்செய்தி நூல்களிலும் சேர்த்து அந்த வினைச்சொல் 12 இடங்களில் வருகிறது. எல்லாமே ஒன்று இயேசுவைப் பற்றியவை, இல்லையென்றால் அவர் சொன்ன உவமைகளில் மூவரைப் பற்றியவை: கடனை மன்னித்த எஜமான், வீடு திரும்பிய மகனைக் கண்டு ஓடிய தகப்பன், வழியில் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன்.

பரிதாபம் வேறு. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். இரக்கம் என்று நான் இங்கே சொல்வது, அடுத்தவர் வலி உள்ளே புகுந்து நம்மை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது. கட்டிலருகே வந்த இருவரில் நண்பரிடம் இருந்தது முதலாவது. அதை இகழவில்லை, எனக்கும் பெரும்பாலும் அதுதான் வாய்க்கிறது.

ஆறு கோடி நாள் கூலி

எளிமையும் இரக்கமும் எந்த இடத்தில் பூட்டிக்கொள்கின்றன என்று காட்ட மத்தேயு 18-இன் கடன்கார வேலைக்காரனைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் சுவை தெரியும்.

அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். தெனாரியம் என்பது ஒரு நாள் கூலியாகக் கொடுக்கப்பட்ட வெள்ளிக்காசு. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் ஆண்டு. அவன் உடன்வேலைக்காரன் அவனுக்குத் தர வேண்டியதோ 100 வெள்ளிக்காசு, நூறு நாள் கூலி. அதுவும் சின்னத் தொகை இல்லைதான், ஆனால் அடைக்கக்கூடியது.

இப்போது அவன் ராஜாவின் காலில் விழுந்து என்ன கேட்டான் என்று பாருங்கள். ‘பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்.’ அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை, தவணைதான் கேட்டான்! 2 லட்சம் ஆண்டுக் கடனை உழைத்துத் தீர்த்துவிடலாம் என்று இன்னமும் நம்புகிறான். ராஜா மனதிரங்கிக் கடனையே விட்டுவிடுகிறார். ஆனால் ‘நான் ப்டோகோஸ்’ என்ற எண்ணமே அவனுக்கு வந்ததாகத் தெரியவில்லை. கிடைத்தது தானம் என்று உணராதவன், தன் சாமர்த்தியமான பேச்சுக்குக் கிடைத்த கூலி என்றுதான் நினைத்திருப்பான்.

வெளியே வருகிறான், நூறு காசுக்காரனைத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். அந்த ஆள் காலில் விழுந்து சொல்லும் வார்த்தைகள் சற்று முன் இவன் சொன்ன அதே வார்த்தைகள். தன் குரலை அடுத்தவன் வாயில் கேட்டும் இவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கல் நெஞ்சு என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கென்னவோ அதற்கு முந்தின இடத்திலேயே கோளாறு தொடங்கிவிட்டதாகப் படுகிறது: தான் வாங்கியவன் என்பதே அவனுக்குப் பதியவில்லை. ‘நான் உனக்கு இரங்கினதுபோல’ என்று ராஜா பிறகு நினைவுபடுத்துவதும் அதைத்தான்.

ஆக இயங்கும் விதம் இப்படி: வெறுங்கையை அறிந்தவன் வாங்குகிறான், வாங்கியதை மறக்காதவன் அடுத்தவனிடம் தன் குரலைக் கேட்கிறான், கேட்டதும் வயிறு கலங்குகிறது. முதல் கண்ணி இல்லாமல் கடைசிக் கண்ணியை மட்டும் முயற்சியால் வரவழைக்கப் பார்த்தால் கொஞ்ச நாளில் களைப்பு வரும், அல்லது தர்மப்பிரபு என்ற மிதப்பு வரும்.

கடைசி இராப்போஜனத்தில் சீடர் பேதுரு மாட்டிக்கொண்டதும் இங்கேதான். இயேசு கால் கழுவ வந்தபோது, ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது’ என்று காலை இழுத்துக்கொண்டார். பார்வைக்குப் பணிவு. வார்டில் நான் சொன்ன ‘பரவாயில்லைங்க’வுக்கு அண்ணன் என்பேன். ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்று பதில் வந்தது. ஒருவர் கால்களை ஒருவர் கழுவுங்கள் என்ற கட்டளை அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடவுளின் வெறுங்கை

இந்த விசுவாசத்தில் எளிமை மனிதனுக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல. கிறிஸ்து ‘தம்மைத்தாமே வெறுமையாக்கி’ அடிமையின் ரூபமெடுத்தார் என்று பிலிப்பியர் நிருபம் சொல்கிறது. இறையியலில் இதைக் ‘கெனோசிஸ்’, அதாவது தன்னை வெறுமையாக்குதல் என்பார்கள். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் காணிக்கை கேட்கும் கடிதத்தில், அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும் ‘உங்கள் நிமித்தம் தரித்திரரானாரே’ என்று பவுல் எழுதுகிறார். அதே பகுதியில் மக்கெதோனியாக்காரர்களைக் காட்டுகிறார்: கொடிய வறுமையில் இருந்தும், கொடுப்பதில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மன்றாடிக் கேட்டவர்கள்.

1226-இல் இறந்த அசிசியின் பிரான்சிஸ், தன் மரண சாசனத்தைத் தொழுநோயாளிகளிலிருந்துதான் தொடங்குகிறார். அவர்களைப் பார்ப்பதே தனக்குக் கசப்பாக இருந்ததென்றும், ஆண்டவர் தன்னை அவர்களிடையே நடத்திச் சென்றாரென்றும், அவர்களுக்கு இரக்கம் காட்டிய பிறகு அந்தக் கசப்பே இனிப்பாகிவிட்டதென்றும் எழுதினார். ஆவியில் எளிமை இருக்கிறதா என்று பார்க்க அவர் சொன்ன சோதனை சங்கடமானது. நிறைய ஜெபிப்பார்கள், உபவாசிப்பார்கள், ஆனால் தங்களைக் குத்தும் ஒரே ஒரு சொல்லில், தங்களிடமிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்பட்டதில் கொதித்துப் போவார்கள், அவர்கள் ஆவியில் எளியவர்கள் அல்ல என்றார். நான் தேறவில்லை.

பள்ளத்திலிருந்து பார்த்தால்

நல்ல சமாரியன் கதையை எல்லாரும் தூக்கியவனின் இடத்திலிருந்தே வாசிக்கிறோம். இயேசுவிடம் அந்தக் கதைக்கு வழிவைத்த நியாயசாஸ்திரி, அதாவது யூதச் சட்டம் கற்றவன், கேட்ட கேள்வியும் அப்படித்தான்: ‘எனக்குப் பிறன் யார்?’ உதவி செய்ய வேண்டியவர்களின் பட்டியல் எங்கே முடிகிறது என்று கேட்கிறான். இயேசு கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கேள்வியைத் திருப்பிவிடுகிறார். கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு எவன் பிறனாயிருந்தான்? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், குற்றுயிராகப் பள்ளத்தில் கிடப்பவன் கண்ணால் பார்த்தாக வேண்டும். அங்கே கிடப்பவனுக்கு, யார் என் பிறன் என்று பொறுக்கி எடுக்க வசதியில்லை. கோயில் குருவான ஆசாரியன் போய்விட்டான், கோயில் பணியாளனான லேவியன் போய்விட்டான், வருகிற கை வெறுக்கப்பட்ட இனத்தான் கை. நியாயசாஸ்திரிக்குச் ‘சமாரியன்’ என்ற சொல் வாயில் வரவில்லை. ‘அவனுக்கு இரக்கஞ்செய்தவனே’ என்று சுற்றிவளைத்துச் சொல்கிறான்.

சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காயம்பட்டவன் பிறகு என்ன ஆனான் என்று கதையில் இல்லை. எப்படியும் ஒரு காலையில் கண் விழித்திருப்பான், கட்டுகளைத் தொட்டுப் பார்த்திருப்பான், எனக்குக் காசு கட்டியது யார் என்று சத்திரக்காரனிடம் கேட்டிருப்பான். பதிலைக் கேட்ட அந்த நொடியில் அவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.